மேற்படி உருமாறி

மூன்றாவது சனிக்கிழமையும் அவள் யானையானாள்.

கோட்டைக் கதவை எப்படித் தாண்டுவது என்று என் தங்கச்சியும் மச்சாளும் அரை மணித்தியாலமாகத் திட்டம் போட்டிருந்தார்கள். விளையாட்டில் தங்கச்சி வாள்வீரன், கயிறு கட்டி மதிலேறுவது அவள் வேலை. மச்சாள் மருந்து கட்டும் பரியாரி, காவற்காரனின் கூழுக்குள் நித்திரை மூலிகை கலப்பது அவள் வேலை. யார் முதலில் போவது, யார் சைகை காட்டுவது எல்லாம் முடிவாகி, தங்கச்சி பால்மாப் பேணிக்குள் கையை விடப் போன நேரம், சீமெந்துக் கல்லின் மேல் சப்பாணி கட்டி இருந்தவள் சொன்னாள்: "நான் யானை." பேணியை வாங்கிக் குலுக்கி ஒரு கடதாசித் துண்டை எடுத்தாள். பதினாறு. கதவு விழுந்தது, காவற்காரர் ஓடினார்கள், கதை முடிந்தது.

தங்கச்சி பென்சிலைக் கீழே வைத்தாள். "அப்ப நாங்கள் ரெண்டு பேரும் என்னத்துக்கு? பாயை விரிச்சுப் படுக்கிறம். எல்லாத்தையும் இடிச்சு முடிச்சிட்டு எழுப்பு."

"மகாராணிக்கு வாழைக்குலை கொண்டு வரட்டோ?" என்றாள் மச்சாள்.

"யானையாகலாம்னு புத்தகத்துல இருக்கு. நான் என்னா பண்ண?" என்றாள் அவள். பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். விதிகளுக்குப் பொறுப்பு நான்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. கிளிநொச்சியை விட்டு அக்கராயனுக்கும், அங்கிருந்து உடையார்கட்டுப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்திருந்தோம். பள்ளிக்கூடம் பின்னேரங்களில்தான் நடந்தது. இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கென்று வந்த புத்தகப் பெட்டியொன்றின் அடியில், மட்டையில்லாத ஓர் ஆங்கிலப் புத்தகத்தை நான் கண்டெடுத்தேன். மட்டை இல்லாததால் அதன் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. மந்திரவாதிகளும் பூதங்களும் நிறைந்த ஓர் உலகத்தில், ஒருவர் கதையைச் சொல்லிக்கொண்டு போக, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி என்ன செய்வது என்று தீர்மானிக்கும் விளையாட்டுக்கான விதிப்புத்தகம் அது. செய்வது பலிக்குமா இல்லையா என்பதைத் தாயக்கட்டை சொல்லும்; பெரிய எண் விழுந்தால் பலித்தது. புத்தகம் கேட்ட தாயக்கட்டைக்கு இருபது முகங்கள். அப்படியொன்றை எங்களால் கற்பனை செய்யக்கூட முடியவில்லை. ஒன்று முதல் இருபது வரை கடதாசித் துண்டுகளில் எழுதிப் பால்மாப் பேணிக்குள் போட்டேன். துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டுமென்று அடிமட்டம் வைத்து வெட்டினேன்.

கதை சொல்பவருக்குப் புத்தகம் கொடுத்திருந்த பட்டத்தை அகராதி பார்த்து 'விளையாட்டு மாஸ்ரர்' என்று மொழிபெயர்த்தேன். "அப்ப விசிலை ஊது" என்றாள் தங்கச்சி. பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி ஆசிரியருக்கும் அதே பெயர் என்பதால் அது நிலைக்கவில்லை.

யானையானவளின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நாங்கள் அவளை உருமாறி என்றுதான் கூப்பிட்டோம்; எங்கள் வகுப்பில் அந்தப் பெயரே நின்றது. அவளுடைய அம்மாவும் அப்பாவும் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் மலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு இறங்கியவர்கள். அவள் பிறந்தது வவுனியாவுக்கு அப்பால், காட்டோரக் குடியேற்றமொன்றின் கொட்டிலில். அதையும் விட்டு, பிறகு இன்னும் இரண்டு இடங்களை விட்டு வந்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நிலக்கடலை விளையும் கச்சான் தோட்டங்களில் களை பிடுங்கப் போவாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். யானையை நாங்கள் படத்தில் பார்த்திருந்தோம். அவள் தன் வீட்டுக் கூரைக்கு மேலால் பார்த்திருந்தாள். "யானை வந்த ஒடன இடிக்காதுடி. மொதல்ல நெத்திய வச்சு அமத்திப் பாக்கும். அசையுதுன்னு தெரிஞ்சாத்தான் தள்ளும்" என்று ஒருமுறை எங்களுக்குச் சொன்னாள். சொல்லிக்கொண்டே கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தின் சுவரில் தன் நெற்றியை வைத்துக் காட்டினாள். சீமெந்து வராததால் பாதியில் நின்றுபோன அந்தக் கட்டடத்தின் கூரையில்லாத முன்னறைதான் எங்கள் விளையாட்டிடம்.

சிக்கல் எளிமையானது, தீர்வுதான் கடினம். மூன்று சனிக்கிழமைகளில் நடந்ததைக் கொப்பியில் பட்டியல் போட்டேன்: தடைகள் பதினொன்று, உருமாறி தனியாகவே தீர்த்தவை எட்டு. வாள்வீரனுக்கு வாள் மட்டும், பரியாரிக்கு மூலிகை மட்டும். உருமாறிக்கோ கண்ட விலங்கெல்லாம் சொந்தம். மதில் வந்தால் யானை, ஆறு வந்தால் முதலை, தூது போக வேண்டுமென்றால் பருந்து. எல்லாமாகவும் மாறக்கூடிய ஒருத்தி இருக்கும்போது மற்றவர்கள் எதற்கு? வலுவை எங்காவது ஓரிடத்தில் கட்டிப்போட வேண்டும். எங்கே என்று தேடினேன். உருமாறிகளைப் பற்றிய பகுதி நாற்பத்தோராம் பக்கத்தில் தொடங்கியது. நாற்பத்து நான்குக்கு அடுத்ததாக இருந்தது நாற்பத்தொன்பது; இடைத் தாள்கள் கிழிந்து போயிருந்தன.

நாற்பத்து நான்காம் பக்கத்தின் கடைசி வரியில் எனக்கு வேண்டியது கிடைத்தது. அதிலிருந்த முக்கியமான சொல் 'ஃபோம்'. அந்தச் சொல்லை எனக்கு நன்றாகத் தெரியும். பங்கீட்டு அட்டைக்கு, நிவாரணத்துக்கு, இடம்பெயர்ந்தோர் பதிவுக்கு, பயணப் பாஸுக்கு என்று எங்கள் வீட்டில் நான்தான் எல்லாப் படிவங்களையும் நிரப்பினேன். எல்லாவற்றின் வலது மூலையிலும் அந்தச் சொல்தான் இருந்தது. உருவத்துக்குப் புத்தகம் ஏற்கெனவே வேறொரு சொல்லைக் கொடுத்துவிட்டது. ஒரு விதிப்புத்தகம் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்களைப் பாவிக்காது என்று நம்பினேன். ஆகவே அந்த வரியை இப்படி மொழிபெயர்த்தேன்: "உருமாறி ஒரு நேரத்தில் ஒரு படிவத்தையே எடுக்கலாம். இன்னொன்றை எடுக்குமுன் தன் படிவத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்."

எனக்கு அது முழுக்க நியாயமாகப் பட்டது. ஒரு மனிசி யானையாக மாறுவதென்றால் யாரிடமாவது விண்ணப்பிக்கத்தானே வேண்டும்?

அன்றே படிவத்தை வரைந்தேன். விண்ணப்பகாரரின் முழுப்பெயர். நிரந்தர முகவரி. தற்போதைய உருவம். கோரும் உருவம். காரணம். திரும்பும் நேரம். கடைசியில் சிபாரிசும் கையொப்பமும். சிபாரிசு செய்ய ஒருவர் வேண்டுமல்லவா, அதனால் கதை சொல்பவருக்கு விதானையார் என்று பெயர் வைத்தோம். எங்கள் பக்கங்களில் கிராம அலுவலரை அப்படித்தான் சொல்வார்கள். விசிலைவிட அது எனக்குப் பொருந்தியது.

உண்மையைச் சொன்னால், விளையாட்டு அதற்குப் பிறகுதான் விளையாட்டாயிற்று. பூதம் எதிரே நிற்கும். தங்கச்சி வாளைச் சுழற்றுவாள். மச்சாள் காயத்துக்குப் பச்சிலை அரைப்பாள். உருமாறி குனிந்திருந்து எழுதிக்கொண்டிருப்பாள். "கெதியா எழுதடி, என்ர கை ஒண்டு போட்டுது" என்பாள் தங்கச்சி. "காரணம்னு இருக்கே, என்னா போட?" "பூதம் கடிக்குது எண்டு போடு." "சுருக்கமாக எழுத வேண்டும்" என்பேன் நான். படிவம் என் கைக்கு வந்து, நான் காரணத்தை வாசித்து, கையொப்பமிட்ட பிறகுதான் யானை வரும். அதற்குள் மற்ற இருவரும் தங்கள் பங்கைச் செய்து முடித்திருப்பார்கள். எட்டு என்ற கணக்கு நான்காகக் குறைந்தது. நான் கண்டுபிடித்த எதுவும் இதுவரை இவ்வளவு சரியாக வேலை செய்ததில்லை என்று பெருமைப்பட்டேன்.

மூன்று கிழமை கழித்து, நிரப்பிய படிவங்களைத் திகதி வாரியாக அடுக்கும்போதுதான் கண்டேன். அவள் எல்லாவற்றிலும் நிரந்தர முகவரி என்ற இடத்தில் 'மேற்படி' என்று எழுதியிருந்தாள். அடுத்த சனிக்கிழமை அவள் பருந்தாவதற்காகக் கொடுத்த படிவத்தை நான் வாங்கவில்லை.

"இதில மேற்படி எண்டால் எது?" என்று கேட்டேன். "மேல ஒண்டும் இல்லையே."

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "ஆமா. மேல ஒண்ணும் இல்ல" என்றாள்.

"அப்ப எழுது."

"எத எழுத? தோட்டத்து லயத்தையா, எரிஞ்சு போச்சே அந்தக் கொட்டிலையா, இப்ப இருக்கிறதையா?"

பூரணப்படுத்தப்படாத படிவங்கள் நிராகரிக்கப்படும் என்று நான் படிவத்தின் அடியில் எழுதியிருந்தேன். அந்த வரியைச் சுட்டு விரலால் காட்டினேன். விளையாட்டு என்றாலும் விதி விதிதான் என்பது என் எண்ணம். அவள் எழுந்து பாவாடையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினாள். "ஒங்க ஆட்டத்துலயுமா?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு இரண்டு சனிக்கிழமைகள் அவள் வரவில்லை.

என்ன நடந்தது என்பதை மச்சாள்தான் சொன்னாள். அவளுடைய தாயும் உருமாறியின் தாயும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுபவர்கள். பதினோராம் வகுப்பில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்க அதிபர் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கேட்டிருந்தார். உருமாறிக்கு அது இல்லை. பிறந்தபோது யாரும் பதியவில்லை. இப்போது பதிவதென்றால் முதலில் நிஜமான விதானையாரின் உறுதிக் கடிதம் வேண்டும். தாய் மூன்று தடவை போயிருந்தாள். நிரந்தர வதிவிடம் இல்லாதவர்களுக்குத் தர ஏலாது என்று மூன்று தடவையும் வாயால் சொல்லி அனுப்பியிருந்தார்கள். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் மூன்று கிழமைதான். "அவளின்ர அம்மா படியிலயே நிண்டிட்டு வாறவவாம். அவாக்கு அங்க கதை வராதாம்" என்றாள் மச்சாள். பிறகு, "நீயும் அதையே கேட்டனீ" என்றாள்.

அன்று கொப்பியில் இன்னொரு பட்டியல் போட்டேன். எனக்கும் தங்கச்சிக்கும் நிரந்தர முகவரி கிளிநொச்சியில் அப்பாவின் வீடு; யாரும் போக முடியாத இடத்தில், கூரை இருக்கிறதோ தெரியாத வீடு. மச்சாளுக்கு அக்கராயனில் வயலும் வளவும். அங்கேயும் இப்போது ஒருவரும் இல்லை. எங்கள் முகவரிகளில் நாங்கள் இருக்கவில்லை. அவள் இருந்த இடத்தில் அவளுக்கு முகவரி இருக்கவில்லை. ஆனாலும் நாங்கள் யோசிக்காமல் எழுதினோம், எங்களுக்குக் கையொப்பம் கிடைத்தது. எல்லோருக்கும் ஒரே படிவம் கொடுத்தால் சமநிலை வந்துவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். யாருக்கு அது ஒரு வரி, யாருக்கு அது மதில் என்று நான் அளந்து பார்க்கவில்லை. அளக்காமல் வைத்த விதிக்குச் சமநிலை என்று பெயர் சூட்டியிருந்தேன்.

மன்னிப்புக் கேட்கப் போகலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் சனிக்கிழமை அவளே வந்தாள். கையில் ஒரு படிவம். அவளே கோடு போட்டு வரைந்தது, என்னுடையதைவிட நேரான கோடுகள். நிரந்தர முகவரிக்கு எதிரே 'விண்ணப்பகாரர் நிற்கும் இடம்' என்று எழுதியிருந்தது.

"நிராகரி, பாப்போம்" என்றாள்.

நான் தாளை வாங்கினேன். "நிரந்தரமா ஒரு எடம் இருந்தா உருமாறி ஏன்டி மாறணும்? மாறுறதே நிக்கிற எடத்துல நிக்கிறதுக்குத்தானே" என்றாள். மச்சாள் முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டு, இன்றைக்கு விதானையாருக்குச் சரியான நாள் என்பதுபோல என்னைப் பார்த்தாள்.

நான் படிவத்திலிருந்த முகவரி வரியை அந்த இடத்திலேயே வெட்டினேன். ஆனால் சிக்கல் அப்படியே இருந்தது. "அப்ப திரும்பவும் எல்லாத்தையும் யானைதானே செய்யும்?" என்றாள் தங்கச்சி. அதுவும் நியாயம்தான். உருமாறி யோசித்து வைத்துக்கொண்டே வந்திருந்தாள். "விலைய வாசல்ல வாங்காதீங்க. உள்ள வாங்குங்க" என்றாள். "யானையா இருக்கப்ப நான் பேச மாட்டேன். யானைக்கு ஏது பேச்சு? எங்க குழி இருக்கு, எங்க ஆள் ஒளிஞ்சிருக்குன்னு எனக்குத் தெரியும். ஆனா சொல்ல முடியாது. நீங்கதான் புரிஞ்சுக்கணும். புரியலன்னா எல்லாரும் சேந்து விழுவோம்."

அன்றே விளையாடிப் பார்த்தோம். படிவம் இல்லை, காத்திருப்பு இல்லை. அவள் யானையானாள், வாயை மூடினாள். வழியில் இலை மூடிய குழி இருப்பதை அவள் காதுக்குள் மட்டும் சொன்னேன். அவள் நின்றாள். நெற்றியைத் தாழ்த்தினாள். ஒரு காலைத் தூக்கி, வைக்காமல், பின்னால் எடுத்தாள். "யானைக்குப் பசிக்குது" என்றாள் தங்கச்சி. யானை இல்லையென்று தலையை ஆட்டியது. "கால் நோகுது, நான் பாக்கிறன்" என்றாள் மச்சாள். யானை இரண்டு கைகளாலும் தலையில் அடித்துக்கொண்டது. "இது வேற ஏதோ கோபம்" என்று சொல்லிக்கொண்டு தங்கச்சி முன்னால் போனாள், குழிக்குள் விழுந்தாள். உருமாறி சிரிப்பை அடக்க முடியாமல் கல்லின் மேல் சரிந்தாள், ஆனால் பேசவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் தங்கச்சி அவளிடம், "நீ கண்ணால கீழ காட்டியிருக்கலாமே" என்று சண்டை பிடித்தாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் அவர்கள் மூவருக்கும் ஒரு சைகை மொழி உண்டாயிற்று. எனக்கே அது முழுதாகப் புரியவில்லை. விதிகளுக்குப் பொறுப்பானவளுக்குப் புரியாத ஒன்று விளையாட்டுக்குள் வளர்ந்தது. அதுதான் சரியான விதியின் அடையாளம் என்று இப்போது எண்ணுகிறேன்.

விதானையாரிடம் தானே போவதென்று முடிவெடுத்ததும் அவள்தான். அவள் திரும்பி வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமை காலை அவளும் தாயும் போனார்கள். நாங்கள் மூன்று பேரும் கூடவே போனோம். அவரும் இடம்பெயர்ந்தவர். இரவல் வீடொன்றின் முன்னறையில் ஒரு மேசை, ஒரு கதிரை, கதவு சரியாக மூடாத ஓர் அலுமாரி, அவ்வளவுதான் அலுவலகம். களைத்த மனிதர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன்.

"என்ன பிள்ளையள், ஊர்வலமோ?"

"இல்லை ஐயா, சாட்சியள்" என்றாள் மச்சாள்.

உருமாறியின் தாய் படியில் நின்றுகொண்டாள். உருமாறி மேசைக்கு முன்னால் போய்ப் படிவத்தை வைத்தாள். இது அரசாங்கத்தின் அச்சிட்ட படிவம். அவர் வாசித்துக்கொண்டு வந்து ஓரிடத்தில் நிறுத்தினார். "விண்ணப்பகாரர் நிற்கும் இடம். இது என்ன எழுத்து? ஆர் பழக்கினது?"

"நானேதாங்க ஐயா எழுதினேன்."

"உப்பிடி எழுதினால் நான் எடுக்க ஏலாது, பிள்ளை. நிராகரிக்கத்தான் வேணும்."

"சரிங்க ஐயா. அத அந்தத் தாள்லயே எழுதித் தாங்க. காரணத்தையும் எழுதுங்க. கையெழுத்தும் வைங்க."

மூன்று தடவையும் அவளுடைய தாயை வாயால் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். அவர் பேனையைத் திறந்தார். தாளின் மேல் பிடித்துக்கொண்டு யோசித்தார். "என்னெண்டு எழுதிறது?" என்று பாதி தனக்குள்ளேயே கேட்டார்.

"நான் இங்க நிக்கலன்னு எழுதுங்க" என்றாள்.

அவள் அவருக்கு முன்னால் இரண்டு முழத் தூரத்தில் நின்றாள். குரலை உயர்த்தவில்லை. கைகள் மேசை விளிம்பில் இருந்தன. கச்சான் தோட்டத்து மண் இன்னும் நகங்களில் இருந்தது. அவர் அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், படியில் நின்ற தாயைப் பார்த்தார். பேனையை மூடினார்.

"நான் இதைத் தந்தால் நாளைக்கு உங்கட ஆக்கள் எல்லாரும் வருவினம்."

"வருவாங்க ஐயா. நான்தான் கூட்டிட்டு வருவேன்."

அவர் பேனையை மறுபடியும் திறந்தார். விண்ணப்பகாரரைத் தான் நேரில் அறிவதாகவும், அவர் தன் பிரிவில் வசிப்பதாகவும் இரண்டு வரி எழுதி, முத்திரையை இரண்டு தடவை ஊதி, குத்தினார்.

அவள் அந்த வருடம் பரீட்சை எழுதினாள். சித்தியடைந்தாள். அவளுக்கு அடையாள அட்டை இன்னும் வரவில்லை. நான் இப்போது வவுனியாவில், தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்ற படவரைஞர். குளங்களின் கட்டுகளையும் மதகுகளையும் வரைகிறேன். கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவர்தான் அந்தச் சொல்லுக்கு உருவம் என்றும் பொருளுண்டு என்று சொன்னார். நான் மொழிபெயர்த்த வரியைக் கேட்டு நெடுநேரம் சிரித்தார். உருமாறி ஒரு நேரத்தில் ஓர் உருவத்தையே எடுக்கலாம் என்பதுதான் சரியான விதியாம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். எங்களுடையதைத் திருத்துவதாக இல்லை. எங்கள் நாட்டில் ஒருத்தி இன்னொருத்தியாக மாறுவதற்குத் தடை அவளுடைய உடம்பா, தாளா? அந்தப் புத்தகத்தை எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. எங்களுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பிழை என்று சொல்பவர்கள் ஒரு தடவை படியில் நின்று பார்க்கட்டும்.

விதானையார் முத்திரை குத்திய அந்தத் திங்களுக்கு மறுநாள் காலை ஏழு மணிக்கு அவள் சொன்னபடியே தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனாள். பத்தொன்பது பேர். முதல் நாள் பள்ளிக்கூடம் முடிந்த கையோடு நாங்கள் நால்வரும் அவர்களுடைய படிவங்களை நிரப்பியிருந்தோம். முகவரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: விண்ணப்பகாரர் நிற்கும் இடம். விதானையார் பல்லுத் தீட்டிக்கொண்டு வெளியே வந்தார். வரிசையைப் பார்த்தார். வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய், முன்னறையிலிருந்த ஒரே கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் வைத்தார்.

"இரு பிள்ளை. நீ ஒவ்வொண்டா வாசி, நான் நிண்டுகொண்டே கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

உருமாறி வரிசையில் பின்னால் திரும்பிப் பார்த்தாள். படிக்குக் கீழே நின்ற தாயின் கையைப் பிடித்து மேலே அழைத்து வந்து அந்தக் கதிரையில் இருத்தினாள். பிறகு முதலாவது படிவத்தை விரித்து, நின்றுகொண்டே, தெருவுக்குக் கேட்கும்படி தன் தாயின் முழுப்பெயரை வாசித்தாள்.